பழைய ஃபைபர் படகில் உளுத்த ஸ்ட்ரிங்கரும் தளமும் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது சுமார் 14 முதல் 22 அடி வரை நீளமுள்ள, உள்ளே மரம் வைத்துக் கட்டிய பழைய ஃபைபர் மோட்டார் படகுகளைப் பற்றி. பாய்மரப் படகுக்கும் பெரிய கப்பலுக்கும் கணக்கே வேறு.

ஃபைபர் படகுதானே, இதில் உளுத்துப்போக என்ன இருக்கிறது?

வெளியே தெரியும் ஓடுதான் ஃபைபர். உள்ளே மூன்று இடத்தில் மரம் இருக்கும். ஏராவுக்கு, அதாவது படகின் அடியில் நடுவாக ஓடும் முதுகெலும்புக்கு, இணையாக முன்னிருந்து பின்வரை ஓடும் நீளச் சட்டங்கள், அதாவது ஸ்ட்ரிங்கர். அவற்றின் மேல் உட்காரும் தளம். பின்னால் மோட்டாரைத் தாங்கும் பின்பலகை, அதாவது டிரான்சம். 1950-களிலிருந்து 1990-கள் வரை கட்டிய சிறு படகுகளில் பெரும்பாலானவை இப்படித்தான். பிளைவுட்டை வைத்து, அதன் மேல் கண்ணாடி இழை போட்டு, பாலியஸ்டர் ரெசின், அதாவது இறுகிக் கெட்டியாகும் திரவப் பிசின், பூசி மூடிவிடுவார்கள்.

ஃபைபர் ஓடு இழுத்தால் தாங்கும், ஆனால் அகலமான தட்டையான பரப்பில் வளைந்து கொடுக்கும். அலையில் அடி வாங்கும்போது அந்த வளைவைத் தடுப்பவை ஸ்ட்ரிங்கர்கள்தான். அவை இற்றுவிட்டால் படகு உடனே மூழ்கிவிடாது. ஓடு ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளையும், பிறகு வெடிப்பு விடும்.

ரெசினால் மூடிய மரத்துக்குள் தண்ணீர் எப்படிப் போனது?

பெரும்பாலும் மனிதன் போட்ட துளை வழியாக. இருக்கையின் காலைக் கழற்றிப் பாருங்கள். அடியில் நாலு ஸ்குரூ ஓட்டை, ஒவ்வொன்றும் மூடாத வெறும் மரத்துக்குள் நேராக இறங்கியிருக்கும், சீலன்ட் ஒரு சொட்டுகூட இருக்காது. அந்த நாலு ஓட்டையைச் சுற்றி ஒரு கையகலத்துக்குப் பிளைவுட் கறுத்திருக்கும். தளத்தில் முதலில் அமுங்கும் இடமும் அதுதான்.

அடுத்தது ஸ்ட்ரிங்கரின் குறுக்கே போட்ட வடிகால் துளை. தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகட்டும் என்று துளைத்தவர்கள், துளையின் உள்சுவரை மூடாமல் விட்டிருப்பார்கள். படகின் மிகத் தாழ்ந்த இடத்தில், எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில், மரத்தின் வெட்டுமுனை திறந்து கிடக்கும். தளப் பலகையின் அடிப்பக்கத்தையும் தொழிற்சாலையில் பெயருக்கு ரெசின் தடவி அனுப்பியவர்கள் நிறைய.

உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் மிதமான வெப்பமும் வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம். இதில் கடல்நீரைவிட மழைநீர்தான் மோசம், உப்பு பூஞ்சையைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். தண்ணீரில் ஓடிய படகைவிட, மூடாமல் வெட்டவெளியில் நிறுத்திய படகு சீக்கிரம் உளுப்பது இதனால்தான்.

தளம் அமுங்குகிறது. ஸ்ட்ரிங்கரும் போயிருக்குமா?

போயிருக்கும் என்று வைத்துக்கொண்டு சோதிப்பது நல்லது. சுத்தியலின் பிடிப்பக்கத்தால் ஸ்ட்ரிங்கர் நெடுகத் தட்டுங்கள். நல்ல மரம் ‘டக் டக்’ என்று கணீரென ஒலிக்கும், இற்ற மரம் ‘தொம்’ என்று அடங்கும். ஆனால் தட்டிப் பார்த்ததை மட்டும் நம்பாதீர்கள். மேலே உள்ள ஃபைபர் தோல் தடித்திருந்தால் உள்ளே கூழாக இருந்தாலும் ஓசை நன்றாகவே வரும்.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் துளை போடத்தான் வேண்டும். 6 மி.மீ. பிட்டால், ஸ்ட்ரிங்கரின் பக்கவாட்டில், அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், மெதுவாகத் துளையுங்கள். வெளிவரும் தூளை வெள்ளைத் தாளில் ஏந்துங்கள். வெளிறிய நிறத்தில், சுருள் சுருளாக, காய்ந்து வந்தால் மரம் நன்றாக இருக்கிறது. காப்பி நிறத்தில், கையில் ஒட்டி, புளித்த வாடையோடு வந்தால் அந்த இடம் முடிந்தது. சில சமயம் பிட் எந்த எதிர்ப்பும் இல்லாமல் உள்ளே போகும், துளையிலிருந்து கறுப்புத் தண்ணீர் கசியும். அதற்குமேல் சோதிக்க ஒன்றும் இல்லை.

பின்பக்கம் டிரான்சம் அருகே, இன்ஜின் தாங்கி போல்ட்டுகள் அருகே, வடிகால் துளை அருகே என்று கட்டாயம் துளைத்துப் பாருங்கள். நல்ல மரம் வந்த துளைகளை அன்றைக்கே எபாக்சி பசையால் அடைத்துவிட வேண்டும்.

வேறு சில அறிகுறிகளும் உண்டு. இன்ஜின் தாங்கி போல்ட் இறுக இறுகச் சுற்றிக்கொண்டே இருப்பது, டிரெய்லரில் ஏற்றினால் படகு வழக்கத்தைவிடக் கனமாக இருப்பது, அவுட்போர்டு மோட்டாரின் அடிக்காலில் உடல் எடையைக் கொடுத்தால் டிரான்சம் அசைவது. டிரான்சத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். மூன்றும் ஒரே வயது, ஒரே ஈரம்.

பழைய தளத்தின் மேலேயே புதுப் பிளைவுட் அடித்துவிட்டால்?

கூடாது. உளுத்தது அடியில் அப்படியே இருக்கும், ஈரமும் உள்ளேயே அடைபடும். புதுப் பலகையின் ஸ்குரூ பிடிப்பதும் அந்த இற்ற மரத்தைத்தான்.

துளை போட்டு, தண்ணி மாதிரி இருக்கும் எபாக்சியை உள்ளே ஊற்றினால் மரம் இறுகிவிடும் என்கிறார்களே?

நன்றாகக் காய்ந்த மரத்தில், ஒரு கையகல இடத்துக்கு, பாரம் தாங்காத பகுதியில் அது ஓரளவு உதவும். ஸ்ட்ரிங்கருக்கு உதவாது. ஈரமான மரத்துக்குள் எபாக்சி இறங்காது, மரத்தில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கிறது. இறங்கிய இடத்தில் கல்லாகவும் இறங்காத இடத்தில் கூழாகவும் ஒரு சட்டம் கிடைக்கும். அதை நம்பி வேகமாக ஓட்ட முடியாது. படகை விற்கப் போகிறவர்கள் செய்யும் வேலை அது. அப்படிச் செய்த படகை வாங்குபவர்தான் பிறகு இந்தக் கேள்விகளை எல்லாம் கேட்க வேண்டியிருக்கும்.

வேலையை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

வெட்டுவதிலிருந்து அல்ல, படகை நிறுத்துவதிலிருந்து. இதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். தளத்தையும் ஸ்ட்ரிங்கரையும் எடுத்துவிட்ட ஓடு, தாங்கும் இடத்தில் எப்படி அழுந்துகிறதோ அப்படியே வடிவம் மாறும். அந்த வடிவத்தில் புது ஸ்ட்ரிங்கரை ஒட்டினால் கோணல் நிரந்தரமாகிவிடும். அடிப்பாகத்தின் பின்பகுதி ஓர் அரை அங்குலம் உள்வாங்கினாலும் போதும், படகு ஓடும்போது மூக்கைத் தண்ணீரில் அழுத்தும். வெளியே புடைத்தால் மூக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். பிறகு மோட்டாரை எத்தனை விதமாகச் சாய்த்தாலும் சரிவராது.

ஆகவே டிரெய்லரில் இரண்டு உருளைகள் மட்டும் தாங்கும் நிலையில் வெட்டாதீர்கள். ஓட்டின் வளைவுக்கேற்ப வெட்டிய மரத் தாங்கிகளைக் குறைந்தது நாலைந்து இடத்தில் குறுக்காகக் கொடுங்கள். டிரான்சத்தின் இரு மூலைகளும் கட்டாயம் தாங்கப்பட வேண்டும். ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மட்டம் பாருங்கள். முன்மூக்கிலிருந்து டிரான்சத்தின் நடு வரை ஒரு நூல் இழுத்துக் கட்டி, நூலுக்கும் தளத்துக்கும், நூலுக்கும் ஸ்ட்ரிங்கர் மேல்விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அரையடிக்கு ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். படகின் பக்கங்களுக்கு இடையே உள்ள அகலத்தையும் மூன்று நாலு இடத்தில் குறித்துக்கொண்டு, அந்த இடங்களில் குறுக்குச் சட்டம் அடித்துவிடுங்கள். மேல்மூடியைக் கழற்றாமல் வேலை செய்ய முடிந்தால் அது பக்கங்களை விரியாமல் பிடித்துக்கொள்ளும். கழற்றினால் குனிந்து வேலை செய்வது எளிது, ஆனால் குறுக்குச் சட்டம் இல்லாமல் ஒரு நாள்கூட விடக்கூடாது.

படம் எடுத்து வையுங்கள். ஒயர் போகும் வழி, குழாய் போகும் வழி, டேங்க் உட்கார்ந்திருந்த கோணம், எல்லாம். தேவைக்கு மேல் படம் எடுத்தவர் யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

தளத்தை எப்படி வெட்டுவது?

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், பெட்ரோலை முழுக்க வெளியேற்றுங்கள். தளத்துக்கடியில் டேங்க் இருக்கிறதா, எரிபொருள் குழாயும் ஸ்டியரிங் கேபிளும் எங்கே போகின்றன என்று தெரியாமல் ரம்பத்தைத் தொடாதீர்கள். காலி டேங்கின் ஆவிதான் தீப்பொறிக்குக் காத்திருக்கும்.

வட்ட ரம்பத்தின் ஆழத்தைத் தளத்தின் தடிமனுக்கு மட்டும் வைத்து, பக்கச் சுவரிலிருந்து 5 முதல் 7 செ.மீ. உள்ளே தள்ளி வெட்டுங்கள். அந்த ஓரத்து விளிம்பு புதுத் தளத்தின் உயரத்தைக் காட்டும் அடையாளம். உயரத்தைக் குறித்துக்கொண்ட பிறகு அதையும் எடுத்துவிடலாம். பலகையை முடிந்தவரை பெரிய துண்டாக எடுங்கள். எவ்வளவு மக்கியிருந்தாலும் அதுதான் உங்கள் மாதிரி அச்சு.

பழைய ஸ்ட்ரிங்கர்களை எல்லாம் ஒரே நாளில் எடுத்துவிடலாமா?

வேண்டாம். ஒன்றை எடுத்து, அதன் இடத்தில் புதியதை வைத்து, ஃபைபர் போட்டு இறுகவிட்டு, அப்புறம் அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுத்தமான ஓட்டில் வேலை செய்வது வசதிதான். தாங்கிகள் மிக நன்றாக அமைந்திருந்தால் செய்யலாம். முதல்முறை செய்பவருக்கு அந்த வசதி தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஸ்ட்ரிங்கரின் மேல்விளிம்பிலிருந்து சற்றுக் கீழே கிரைண்டரால் தோலை வெட்டினால் உள்ளே உள்ள மரத்தை உளியாலும், பல நேரம் வெறும் கையாலும் வாரிவிடலாம். ஓட்டோடு ஒட்டியிருக்கும் பழைய தோலின் அடிப்பகுதியில் ஓரங்குலத்தை அப்போதைக்கு விட்டுவையுங்கள், புதுச் சட்டம் நிற்க வேண்டிய இடத்துக்கு அதுவே கோடு. பொருத்திப் பார்த்து, இடத்தை ஓட்டில் அழியாத பேனாவால் குறித்த பிறகு அதையும் அரைத்து எடுக்க வேண்டும்.

அரைக்கும் வேலை அவ்வளவு மோசமா?

ஆமாம். இந்த வேலை முழுவதிலும் நேரத்தை விழுங்குவதும் ஆட்களை ஓடவைப்பதும் அதுதான். ஆனால் தப்பிக்க வழியில்லை. புது ஃபைபர் பழைய ஃபைபரோடு வேதியியல்படி இணையாது, சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஒட்டும். பழைய பெயின்ட், எண்ணெய்ப் பிசுக்கு, உரிந்த மேட் (நறுக்கிய கண்ணாடி இழை விரிப்பு), எதன் மேல் ஒட்டினாலும் ஒரு பருவத்தில் உரிந்து வரும்.

36 அல்லது 40 கிரிட் வட்டைப் போட்டு, ஸ்ட்ரிங்கர் நிற்கும் கோட்டின் இருபுறமும் குறைந்தது 15 செ.மீ. அகலத்துக்கு, மங்கலான பளபளப்பு போய் இழை தெரியும் வரை அரையுங்கள். ஓட்டைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் வட்டை நிறுத்தினால் குழி விழுந்துவிடும்.

பாதுகாப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். துணி முகமூடி எதற்கும் ஆகாது. தூசுக்கு பி100 வடிகட்டி, ரெசின் ஆவிக்குக் கரிம ஆவி வடிகட்டி, இரண்டும் பொருந்தும் ரப்பர் முகமூடி வாங்குங்கள். முழுக்கை உடை, மணிக்கட்டில் டேப், மூடிய கண்ணாடி வேண்டும். முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வெந்நீரும் தேய்ப்பும் இழைத் துகளைத் தோலுக்குள் இன்னும் தள்ளிவிடும் என்பது இந்த வேலை செய்பவர்கள் எல்லோரும் சொல்வது. அந்த உடையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைத்தால் வீட்டில் எல்லோரும் சொறிவார்கள்.

எந்த மரம் வாங்க வேண்டும்?

பி.எஸ். 1088 என்ற தரக்குறி உள்ள மரைன் பிளைவுட் நல்லது. அந்தக் குறி சொல்வது கொதிநீரைத் தாங்கும் பசை, நல்ல அடுக்குகள், உள்ளே இடைவெளி இல்லாமை. உளுக்காது என்று சொல்லவில்லை. மரைன் என்று எழுதியிருந்தாலும் மூடாமல் விட்டால் அதுவும் உளுக்கும். கொதிநீர்ப் பசை கொண்ட, உள்ளே ஓட்டை இல்லாத சாதா வெளிப்புறப் பிளைவுட்டை முழுக்க மூடிப் போட்டவர்கள் நன்றாகவே ஓட்டுகிறார்கள்.

மருந்து ஏற்றிய பலகையை நான் தவிர்ப்பேன். ஈரத்தோடு வருவதால் ரெசின் சரியாகப் பிடிக்காது, பல மருந்துகளில் உள்ள செம்பு அலுமினிய டேங்கை அரிக்கவும் கூடும்.

மரமே வேண்டாம் என்றால் கண்ணாடி இழை கலந்த அடர்ந்த பாலியூரித்தேன் பலகைகள் கிடைக்கின்றன, கூசா அதில் பெயர்பெற்ற ஒன்று. எடை குறைவு, உளுக்காது, விலை அதிகம். ஆனால் மரம் தன் பங்குக்கு விறைப்பைத் தருவது போல நுரைப்பலகை தராது. மேலே போடும் ஃபைபர்தான் முழுப் பாரத்தையும் சுமக்கும், அதற்கேற்ப அடுக்குகளைக் கூட்ட வேண்டும்.

பாலியஸ்டரா, எபாக்சியா?

சண்டை நடக்கும் கேள்வி. உண்மையில் இரண்டாலும் நல்ல படகு கட்டலாம்.

மரத்தோடும் பழைய ஃபைபரோடும் ஒட்டும் பலத்தில் எபாக்சி ஒரு படி மேல். இறுகும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். விலை கூடுதல். கலவை விகிதம் துல்லியமாக இருக்க வேண்டும், இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று நினைக்கக் கூடாது, இறுகாமலே போகும். இறுகிய பின் மேலே மெழுகு போல ஒரு படலம் வரும். அது அசிட்டோனுக்குப் போகாது, வெறும் தண்ணீரும் பச்சை நாரும் போதும். அதைக் கழுவிய பிறகே உப்புத்தாள் தேய்க்க வேண்டும்.

பாலியஸ்டர் மலிவு, வேகம். பெரிய பரப்பை ஒரே நாளில் அடுக்கடுக்காக முடிக்கலாம். நன்றாக அரைத்த பரப்பில் போதுமான அளவு ஒட்டும். தொழிற்சாலையில் போட்டதும் அதுதான். இரண்டுக்கும் நடுவில் வினைல்எஸ்டர் இருக்கிறது, தண்ணீரைத் தாங்குவதில் பாலியஸ்டரைவிட மேல்.

படகை நீண்டகாலம் வைத்துக்கொள்ளப் போகிறவர் மரத்தைத் தொடும் இடங்களுக்கு எபாக்சி வாங்கலாம் என்பேன். ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டால் மாற்றாதீர்கள். பாலியஸ்டரின் மேல் எபாக்சி ஒட்டும். எபாக்சியின் மேல் பாலியஸ்டரோ ஜெல்கோட்டோ (படகின் பளபளப்பான மேல்பூச்சு) போட்டால் இறுகாமலோ ஒட்டாமலோ போகும் அபாயம் உண்டு. கடைசியில் ஜெல்கோட் அடிக்கும் எண்ணம் இருந்தால் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

கண்ணாடி இழைத் துணியிலும் பொருத்தம் பார்க்க வேண்டும். சாதா நறுக்கிழை மேட்டைக் கட்டிவைத்திருக்கும் பிசின், பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரையும்படி செய்தது. எபாக்சியில் அது கரையாது, மேட் விறைத்துக்கொண்டு நிற்கும். எபாக்சி என்றால் நூலால் தைத்த, இழைகள் இரு திசையில் ஓடும் இருகோணத் துணி வாங்குங்கள். 1708 என்று கேட்டால் கிடைக்கும் துணியில் மேட்டும் தைத்தே இருப்பதால் எபாக்சிக்கும் பாலியஸ்டருக்கும் ஆகும்.

பாலியஸ்டருக்குக் கேட்டலிஸ்ட் எவ்வளவு?

பாலியஸ்டரை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் எம்.இ.கே.பி. என்ற திரவம். ஒரு லிட்டர் ரெசினுக்கு 10 முதல் 20 மி.லி. வெயிலில் குறைவாக, குளிரில் கூடுதலாக. ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் முழுதாக இறுகாது. டப்பாவில் எழுதியிருப்பதே முடிவான கணக்கு.

இரண்டு எச்சரிக்கைகள். எம்.இ.கே.பி. கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வை போகலாம், கண்ணாடி இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். அடுத்து, சில ரெசின்களுக்குக் கோபால்ட் ஆக்சிலரேட்டரைத் தனியாகக் கொடுப்பார்கள். கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேராக ஒன்றோடொன்று சேர்த்தால் வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி முழுக்கக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். அளக்கும் கோப்பையும் வெவ்வேறாக இருக்கட்டும்.

சிறு சிறு அளவாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றி வையுங்கள். ஆழமான டப்பாவில் வைத்தால் தன் சூட்டிலேயே புகைந்து கல்லாகிவிடும். மீந்ததைக் குப்பைக் கூடையில் போடாமல், திறந்தவெளியில் ஆறவிட்டுப் போடுங்கள்.

புது ஸ்ட்ரிங்கரை ஓட்டின் மேல் நேராக உட்கார வைக்கலாமா?

மரத்தின் விளிம்பு ஓட்டை எங்கேயும் நேராகத் தொடக்கூடாது. தொட்டால் அந்தப் புள்ளியில் ஓடு வளைய முடியாமல், அதைச் சுற்றி வளையும், நாளடைவில் வெளியே நட்சத்திரம் போல வெடிப்பு தெரியும். 6 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டு, அதைக் கெட்டியான பட்டியால் நிரப்பி அதன் மேல் உட்கார வையுங்கள். ரெசினில் சிலிக்காத் தூளும் நறுக்கிழையும் கலந்தால் பட்டி தயார். தகட்டில் எடுத்துச் செங்குத்தாகப் பிடித்தாலும் வழியாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். இடைவெளி சீராக இருக்க அங்கங்கே சிறு நுரைத் துண்டு வைப்பார்கள்.

பொருத்துவதற்கு முன் அட்டையில் வெட்டிப் பாருங்கள். ஓட்டின் வளைவை அட்டையில் வரைந்து, வெட்டி, வைத்து, மறுபடி வெட்டி என்று பொறுமையாகச் செய்தால் பிளைவுட் வீணாகாது. ஸ்ட்ரிங்கரின் உயரத்தைக் கணக்கிடும்போது அடியில் உள்ள பட்டியையும் மேலே வரப்போகும் ஃபைபர் தடிமனையும் கழித்துக்கொள்ளுங்கள். இதை மறந்தால் தளம் சில மி.மீ. உயர்ந்து, எதுவும் பழைய இடத்தில் பொருந்தாது.

பலகையின் நீளம் போதாவிட்டால் இரண்டு அடுக்காக ஒட்டி, மூட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று வராமல் தள்ளி வையுங்கள். ஒற்றைப் பலகை என்றால் தடிமனைப் போல் 8 மடங்கு நீளத்துக்குச் சரித்து இழைத்து ஒட்ட வேண்டும், 18 மி.மீ. பலகைக்கு 144 மி.மீ. சரிவு.

ஸ்ட்ரிங்கரும் ஓடும் சேரும் மூலையில் அதே பட்டியால் 15 முதல் 20 மி.மீ. ஆரத்துக்கு வளைவு கொடுங்கள். மேல்விளிம்புகளையும் உருட்டிவிடுங்கள். கூரான முனையில் இழை படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும், அடியில் காற்றுப் பை உண்டாகும். பட்டி முழுக்க இறுகுமுன், கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும்போதே துணியைப் போட்டால் ஒட்டு பலமாக இருக்கும்.

ஒரு சிறு நுணுக்கம். மரத்துக்கு முதல் பூச்சை மாலையில், வெப்பம் இறங்கும் நேரத்தில் கொடுங்கள். காலையில் கொடுத்தால் மரம் சூடாகி உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும், பூச்சு முழுக்கக் குமிழியாகிவிடும்.

எத்தனை அடுக்கு? எவ்வளவு ரெசின்?

இந்த அளவுப் படகுகளில் ஸ்ட்ரிங்கருக்கு 1708 இரண்டு அல்லது மூன்று அடுக்கு வழக்கம். கழற்றிய பழைய தோலின் தடிமனை அளந்து, அதற்குக் குறையாமல் போடுங்கள். ஓர் அடுக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். ஒவ்வொரு அடுக்கும் ஓட்டின் மேல் வெவ்வேறு தூரத்தில் முடியட்டும், முதலாவது 10 செ.மீ., அடுத்தது 15 செ.மீ. என்று. எல்லாம் ஒரே கோட்டில் முடிந்தால் அந்தக் கோட்டில்தான் வெடிக்கும்.

1708 துணி ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 800 கிராம். தளம் 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் என்றால் 4.5 சதுர மீட்டர், துணி 3.6 கிலோ. கையால் போடும்போது துணியின் எடைக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ ரெசின் குடிக்கும், ஆக 4 முதல் 5 கிலோ. வெறும் நறுக்கிழை மேட் என்றால் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் குடிக்கும். ரெசின் அதிகம் இருந்தால் பலம் என்பது தவறு. பலம் இழையில் இருக்கிறது. உருளையால் அழுத்திக் காற்றையும் மிச்ச ரெசினையும் வெளியேற்றுங்கள்.

எடுத்த நுரையைத் திரும்பப் போட வேண்டுமா?

தளத்துக்கடியில் இருக்கும் நுரை, படகு கவிழ்ந்தாலோ நிரம்பினாலோ மிதந்து கிடக்க வைக்கும். அமெரிக்காவில் 1970-களிலிருந்து 20 அடிக்குக் குறைந்த பெரும்பாலான மோட்டார் படகுகளுக்கு இது விதியாகவே உண்டு. சில படகுகளில் தளத்துக்கு முட்டுக் கொடுப்பதும் அதுவே. ஆக, நுரை இருந்த படகில் நுரை இருக்க வேண்டும். தண்ணீர் குடித்த பழைய நுரையைப் பார்த்து வெறுத்துப்போய், இனி வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கன மீட்டருக்கு 32 கிலோ எடையுள்ள, இரண்டு திரவம் கலந்து ஊற்றும் பாலியூரித்தேன் நுரைதான் வழக்கம். 100 லிட்டர் இடத்தை அது நிரப்பினால் நன்னீரில் ஏறத்தாழ 97 கிலோவைத் தூக்கும். கலந்த சில நொடிகளில் 25, 30 மடங்கு பொங்கும். ஒரேயடியாக ஊற்றினால் தளத்தையே தூக்கிவிடும், சிறிது சிறிதாக ஊற்றுங்கள். அதன் ஆவி நுரையீரலுக்கு ஆகாது.

ஊற்றும்போது ஓட்டின் அடியில் தண்ணீர் ஓட ஒரு வழி விட்டே ஆக வேண்டும். பாதி வெட்டிய குழாயைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் ஊற்றலாம். பழைய படகுகள் பலவற்றில் நுரை வடிகாலையே அடைத்துவிட்டது, தண்ணீர் வருடக்கணக்கில் தேங்கி நின்றது. வெள்ளைத் தெர்மோகோல் துண்டுகளை அடைத்துவிடலாமே என்றால், பாலியஸ்டர் ரெசினும் பெட்ரோலும் அதைக் கரைத்துவிடும்.

தளப் பலகையை எப்படிப் போடுவது?

12 முதல் 18 மி.மீ. பிளைவுட். பழையதன் தடிமனையே பின்பற்றுங்கள். சுவரோடு இடிக்காமல் சுற்றிலும் 5 மி.மீ. இடைவெளி விட்டு வெட்டுங்கள். அடிப்பக்கத்துக்கும் விளிம்புகளுக்கும் இரண்டு மூன்று பூச்சு ரெசினோடு ஓர் அடுக்கு மேட்டும் போட்டு, இறுகிய பிறகே படகுக்குள் இறக்குங்கள். உள்ளே போட்ட பிறகு அடிப்பக்கத்தை யாராலும் தொட முடியாது.

ஸ்ட்ரிங்கரின் மேல் பட்டியைக் கனமாக வைத்து, பலகையை அழுத்தி, மணல் மூட்டையோ தண்ணீர் கேனோ ஏற்றி வைத்தால் ஸ்குரூவே தேவையில்லை. ஸ்குரூ போட்டால் பட்டி இறுகியதும் கழற்றிவிட்டுத் துளையை அடைத்துவிடலாம். சுற்றியுள்ள இடைவெளியைப் பட்டியால் நிரப்பி, மூலையை வளைத்து, 10 முதல் 15 செ.மீ. அகலத் துணியால் சுவரோடு கட்டுங்கள். அதற்கு மேல் தளம் முழுக்க ஓர் அடுக்கு. மேலே கார்பெட் ஒட்டாதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைக்கும். சொரசொரப்புப் பெயின்ட் போதும்.

இன்ஜின் உள்ளே இருக்கும் படகு என்றால்?

இன்ஜினை இறக்கியாக வேண்டும். தாங்கிகளின் உயரம், டிரான்சத்திலிருந்து தூரம், அகலம் மூன்றையும் கழற்றுமுன் அளந்து, முடிந்தால் பலகையில் ஓர் அச்சு செய்து வையுங்கள். தாங்கி உட்காரும் இடத்தில் ஸ்ட்ரிங்கர் பெரும்பாலும் இரண்டு மூன்று மடங்கு தடிமனாக இருக்கும், அதைக் குறைக்காதீர்கள். திரும்ப ஏற்றிய பிறகு அச்சுத் தண்டின் நேர்க்கோட்டைச் சரிபார்க்காமல் ஓட்டினால் கப்ளரும் பேரிங்கும் போகும்.

இருக்கையை மறுபடி ஸ்குரூ போட்டுத்தானே பிடிக்க வேண்டும்?

ஆமாம், ஆனால் மரத்தில் அல்ல. ஸ்குரூவைவிட இரண்டு மடங்கு பெரிய துளை போட்டு, கெட்டி எபாக்சியால் நிரப்பி, இறுகியதும் அதன் நடுவில் சரியான அளவில் துளைத்து, சீலன்ட் தடவி முடுக்குங்கள். தண்ணீர் கசிந்தாலும் எபாக்சியைத்தான் தொடும். வடிகால் துளைகளுக்கும் இதே முறை, அல்லது உள்ளே ஒரு குழாய்த் துண்டை ஒட்டிவிடலாம். ஒரு இருக்கைக்கு அரை மணி நேரம் கூடுதலாகும்.

இவ்வளவு பாடுபடுவது தகுமா?

விற்கிற விலையைப் பார்த்தால் பல படகுகளுக்குத் தகாது. சனி, ஞாயிறு மட்டும் வேலை செய்பவருக்குச் சில மாதம் ஓடிவிடும், டிரான்சமும் சேர்ந்தால் இன்னும். ஓட்டின் வெளிப்பக்கம் நன்றாக, மோட்டார் நல்ல நிலையில், படகின் வடிவம் உங்களுக்குப் பிடித்ததாக இருந்தால் செய்யுங்கள். மோட்டாரும் போய், டேங்கும் போய், ஓட்டிலும் வெடிப்பு என்றால் விட்டுவிடுவதே கெட்டிக்காரத்தனம். ஓட்டை முழுதாகத் திறந்து பார்க்கும்வரை ரெசின் வாங்காதீர்கள், அதற்கும் ஆயுள் உண்டு.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு எதைப் பார்க்க வேண்டும்?

தளத்தில் கை நுழையும் அளவுக்கு ஒன்றிரண்டு மூடி வைத்த துளைகள் விட்டிருந்தால் இப்போது அருமை தெரியும். திறந்து, டார்ச் அடித்து, ஸ்ட்ரிங்கர் ஓட்டைத் தொடும் மூலை நெடுகப் பாருங்கள். வெள்ளைக் கோடு ஓடியிருந்தால் துணி விடத் தொடங்கியிருக்கிறது, அந்த இடத்தை அரைத்து மறுபடி போட வேண்டும். பில்ஜில், அதாவது ஓட்டின் உள்ளே மிகத் தாழ்ந்த இடத்தில், தண்ணீர் இருந்தால் துடைத்துக் காயவைத்துவிட்டு, படகு கரையில் நிற்கும்போது மேலிருந்து ஒவ்வோர் இடமாகக் குழாய்த் தண்ணீர் அடித்து, எங்கிருந்து இறங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் கண்ணாடிச் சட்டத்தின் ஸ்குரூ, அல்லது மேல்மூடி சேரும் விளிம்பு.